மாதா என் கையைப் பிடித்தா என்று நான் சொன்னது

இதை எழுத வேணும் என்று நினைத்து நினைத்தே ஏழெட்டு வருஷம் போய்விட்டது. பெரிய படிப்பு எனக்கில்லை, பிழை வருமே என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் வெட்கம்தான்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுத் தையல் மெஷினில் பஞ்சு வைத்த போர்வைகள் தைப்பேன். மேலே பூவும் கொடியுமாக ஓடுகிற தையலுக்கு, துணியை இழுக்கும் பல்லைக் கீழே இறக்கிவிட வேணும். பிறகு ஊசி குத்த மட்டும்தான் செய்யும். துணியை நாங்கள்தான் இரண்டு கையாலும் நகர்த்த வேணும். வெறுங்கையில் அது வழுக்கும், கொடி கோணிப்போகும். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் ரப்பர் புள்ளி வைத்த கையுறை ஒரு சோடி கொண்டுவந்தார். அதைப் போட்ட பிறகுதான் துணி என் சொல் கேட்டது.

ஒரு திருநாளுக்கு மாதா கோயில் பீடத்துக்கு விரிப்புத் தைத்துக் கொடுத்தேன். வாசலில் பெண்கள், "எப்படி அக்கா இவ்வளவு வடிவா வருது?" என்று கேட்டார்கள்.

"நான் எங்க தைச்சன்? மாதாதான் என்ர கையைப் பிடிச்சு நடத்தினா," என்றேன்.

சிலருக்குக் கண் கலங்கிற்று. எனக்கு அது இனித்தது. கையுறையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வரும் வழியில் கணவர் கேட்டார்: "மாதாவுக்கு க்ளவுஸ் என்ன சைஸ்?"

"பேசாமல் நடங்க."

அன்று திருநாளுக்கு வெள்ளவத்தையிலிருந்து என் அண்ணன் மனைவியான மச்சாளும் வந்திருந்தார். கனடாவில் அவருடைய மகளுக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்தது. விசா கிடைக்கவில்லை. தன் கையால் தைத்த போர்வையாவது போய்ச் சேர வேணும் என்று அவருக்கு ஆசை. நான் சொன்னதை நம்பி, செபமாலை சொல்லிவிட்டு வெறுங்கையோடு மெஷினில் உட்கார்ந்தார். நான் பார்க்கப் போனபோது பிரித்துப் பிரித்துத் தைத்ததில் துணி ஓட்டை விழுந்து கிடந்தது.

"ஒன்பது நாள் ஒருசந்தி விரதமும் இருந்தனான் மச்சாள். உங்கட கையை மட்டும்தானே பிடிக்கிறா. என்னில என்ன குற்றம் கண்டா?"

கையுறையைப் பற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் கோயில் வாசலில் பேசியது பொய்யாகிவிடும்.

"இன்னும் கொஞ்சம் செபியுங்க," என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

கடையில் வாங்கிய போர்வைதான் கனடாவுக்குப் போனது. பிறகு மச்சாள் கோயிலில் நடக்கும் நொவேனா செபத்துக்கு வருவதையும் விட்டார். கூப்பிட்டால், "அவ எனக்குக் காது குடுக்கமாட்டா, நீங்க போயிட்டு வாங்க," என்பார்.

போன தவக்காலத்தில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "என்னட்டைச் சொன்னது சரி. மச்சாளிட்டைச் சொன்னீங்களா?" என்று அவர் கேட்டார். அடுத்த நாளே கையுறையோடு பஸ் ஏறினேன். எல்லாம் சொன்னேன்.

மச்சாள் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏசுவார் என்று இருந்தேன், ஏசவில்லை. "அப்ப மாதாவுக்கு என்னோட கோபமில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை மச்சாள்."

கையுறையை மேசையில் வைத்தார். "மகளின்ர பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது," என்றார்.

இன்னும் நொவேனாவுக்கு அவர் வரவில்லை. நான் வாசலில் சொன்ன கதையோ இன்னும் வாய்க்கு வாய் போகிறது. அதைக் கேட்டு வேறு யாரும் தன்னில் குற்றம் தேடிக்கொண்டு இருக்கக்கூடாது. ஆகையால் வாசிப்பவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: இதையும் நாலு பேருக்குக் கொடுங்கள். புதுமை, அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம், என்னைப் பாவம் பார்த்து எதையும் குறைக்கவும் வேண்டாம். எழுதினபடியே போகட்டும்.