கை கேட்டேன், ஆள் குடுத்தார்

எல்லாரும் ஸ்தோத்திரத்துல ஆரம்பிப்பாங்க. நான் சண்டையிலேருந்து ஆரம்பிக்கிறேன். போன வருஷம் மே மாசம் நான் ஆண்டவரோட சண்டைதான் போட்டேன். அதை மறைச்சுட்டு அவரு செஞ்ச நன்மையை மட்டும் சொன்னா அது பொய்ச்சாட்சி ஆயிடும்.

வேப்பந்தட்டையில தையல் கடை வச்சிருக்கேன். ஒன்பது மெஷின், ஒன்பது பொம்பளைங்க. பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் நாங்கதான் யூனிஃபார்ம் தைக்கிறோம். எங்க அப்பாவும் அம்மாவும் எறையூர் பக்கம் அடுத்தவங்க கொல்லையில கரும்பு வெட்டுனவங்க. எங்களுக்குன்னு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஒரே ஒரு பழைய மெஷினை வச்சு நான் கடை திறந்தப்ப, இவளுக்கெல்லாம் எதுக்குக் கடைன்னு என் காதுபடவே பேசுனாங்க. பேசுனவங்க வூட்டுப் பிள்ளைங்க இன்னிக்கு நான் தைச்ச சட்டையைத்தான் மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவுதுங்க. போகட்டும், நல்லாப் படிக்கட்டும்.

அப்படி வந்தவ நான். என் கையைத் தவிர வேற எதையும் நம்புனதில்ல. அளவு எடுக்கிறது நான், துணி வெட்டுறது நான், பட்டன் வாங்கப் போறது நான், போன் வந்தா பேசுறது நான், காலையில பூட்டைத் திறக்கிறதும் நான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட கட்டிங் கத்துக்கிட்ட ஒருத்தி பஸ் ஸ்டாண்டுகிட்டயே தனிக் கடை போட்டுட்டா. அன்னிக்குப் பிடிச்ச சந்தேகம். அதுக்கப்புறம் அளவு நோட்டை எனக்கு மட்டும் புரியிற மாதிரி கிறுக்கி வச்சேன்.

தையல்காரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாஸ்டர் கத்திரியை அடுத்தவங்க தொடக்கூடாது. கை மாறினா கத்திரி வாட்டம் கெட்டுடும்பாங்க. நான் அதையும் தாண்டிட்டேன். கடையை விட்டு வெளியே எங்க போனாலும் கத்திரியைத் துணியில சுத்தி ஹேண்ட்பேக்ல போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன். நான் வெட்டி வச்ச துணி தீர்ந்துட்டா ஒன்பது மெஷினும் நிக்கும். நான் திரும்பி வந்து, சும்மா உக்காந்து கதை பேசுறீங்களான்னு அவங்களைத் திட்டுவேன். கொழுப்பு, வேற என்ன.

மே மாசம் ஆரம்பிச்ச மூணாவது நாள். யூனிஃபார்ம் ஆர்டர் அப்பத்தான் சூடு பிடிச்சிருந்துச்சு. பட்டன் தீர்ந்துபோச்சு. நான் வாங்கிட்டு வரேன்க்கான்னு ஜெயந்தி கேட்டா. ஜெயந்தி எங்க கடையில ஆறு வருஷமாத் தைக்கிறா, ரெண்டு பிள்ளைக்குத் தாய். கட்டிங் சொல்லிக் குடுங்கக்கான்னு மூணு தடவை கேட்டு மூணு தடவையும் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவ. உனக்கு எந்தப் பட்டன்னு தெரியாதுன்னு அவளை உக்கார வச்சுட்டு நானே வண்டியை எடுத்துக்கிட்டு பெரம்பலூர் போனேன். திரும்பி வர்றப்ப ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க ஓடி வந்துச்சு. விழுந்தேன். வலது மணிக்கட்டு ஒடஞ்சுபோச்சு. வெள்ளைப் பட்டன் பாக்கெட் பிரிஞ்சு ரோடு பூரா சிதறிக் கெடந்துச்சு. வலியை விட அதைப் பார்த்துதான் எனக்கு அழுகை வந்துச்சு.

கையில மாவுக்கட்டு. ஆறு வாரம் ஆகும்னாங்க. ஆறு வாரத்துல பள்ளிக்கூடமே திறந்துடும்.

வூட்டுக்காரர் அரியலூர்ல சிமெண்ட் லாரி ஓட்டுறாரு. வந்து பார்த்துட்டு மறுநாளே லோடுக்குப் போயிட்டாரு. பாடாலூர்ல ரோட்டோரம் கடை வச்சிருக்கிற கொழுந்தன்தான் வந்து உக்காந்துக்கிட்டு, மெஷினையெல்லாம் வித்துடுங்க அண்ணி, நல்ல விலைக்கு ஆள் இருக்குன்னாரு. ஜெபக்கூட்டத்துல ஒரு அக்கா தலையில கை வச்சு ஜெபிச்சுட்டு, அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கும்மா, யோசிச்சுப் பாருன்னாங்க. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. அந்த ஆட்டுக்குட்டியும்தான் நொண்டிக்கிட்டுப் போச்சு, அது என்ன பாவத்தை அறிக்கை பண்ணணும்னு கேட்டுட்டேன். அப்புறம் ரெண்டு வாரம் அவங்க என்கூடப் பேசல.

முதல் வாரம் நான் வெட்டி வச்சிருந்த துணியைத் தைச்சாங்க. ரெண்டாவது வாரம் மெஷின் ஒண்ணொண்ணா நின்னுச்சு. இடது கையால வெட்டிப் பார்த்தேன், துணி எலி கடிச்ச மாதிரி ஆச்சு. பள்ளிக்கூடத்து மேனேஜர் போன் பண்ணாரு. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள்ள நூறு சட்டையாவது கண்ணுல காட்டுங்க, இல்லன்னா மொத்த ஆர்டரையும் ஈரோட்டுக்குக் குடுத்துடுவோம்னு மரியாதையாத்தான் சொன்னாரு. அந்த ஆர்டர் போனா கடை போச்சு. ஒன்பது பேரும் மறுபடி கொல்லை வேலைக்குத்தான் போகணும்.

அன்னிக்கு மத்தியானம் எல்லாரையும் சாப்பிட அனுப்பிட்டு, கட்டிங் டேபிள்ல தலையைச் சாச்சுக்கிட்டு ஜெபம் பண்ணேன். ஜெபத்துக்குன்னு இருக்கிற பாஷையெல்லாம் எனக்கு அப்ப வரல. ஆண்டவரே, திங்கக்கிழமை டாக்டர் எக்ஸ்ரே படம் எடுக்கப் போறாரு. அதுக்குள்ள இந்தக் கையைச் சேர்த்து வச்சுடுங்க. நான் யாரையும் ஏமாத்துனதில்ல, யாரு சொத்தையும் தின்னதில்ல. நீங்க சேர்த்து வைக்கலன்னா இனிமே உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். இப்படித்தான் சொன்னேன். மிரட்டுனேன்னே வச்சுக்கங்க.

திங்கக்கிழமை பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தாங்க. எலும்பு சரியா கூடல, இன்னும் அஞ்சு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளியில ஒரு நர்சம்மா என் பேக்கைத் தூக்கிக் குடுத்தாங்க. கனம் தாங்காம அவங்க கை இறங்கிடுச்சு. "உள்ள என்னம்மா வச்சிருக்க, கல்லா?"ன்னாங்க. துணி விலகி கத்திரி வெளிய தெரிஞ்சுச்சு.

"கையே கட்டுல கெடக்கு. கத்திரி எதுக்கும்மா?"

"கடையில வச்சுட்டு வந்தா யாராச்சும் தொட்டுடுவாங்கங்க."

"தொட்டாத்தான் என்ன?"

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிடப் போயிட்டாங்க. அவங்களுக்கு அது ஞாபகம்கூட இருக்காது.

நான் பெஞ்சுல உக்காந்துட்டேன். முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. ஒடஞ்ச கையோட, வெட்ட முடியாத கத்திரியைச் சுமந்துக்கிட்டு, ரெண்டு வாரமா பஸ் ஏறி இறங்குறேன். கடையில ஒன்பது பேரு, பதினெட்டு நல்ல கை. வேலை செய்யக் கை இல்லன்னு நான் ஆண்டவர்கிட்ட அழுதுக்கிட்டிருக்கேன். அந்த நர்சம்மா கேட்டது அவரு கேட்ட கேள்விதான்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுச்சு. இல்ல, அது தற்செயல்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். பெஞ்சுல உக்காந்திருந்தது நான்.

ஆனா பஸ்ல வர்ற வழியெல்லாம் மனசு அடம் பிடிச்சுச்சு. ஜெயந்தி கத்துக்கிட்டு எதிர்க்கடை போட்டா? போட்டாத்தான் என்ன? இந்த ஊர்ல உடம்பு இருக்கிற எல்லாரும் துணி போடுறாங்க. பஸ்ஸை விட்டு இறங்குறப்ப ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

கடைக்குள்ள போனதும் கத்திரியை எடுத்து நீட்டுனேன்.

"ஜெயந்தி, இந்தா."

"வேணாங்க்கா. அப்புறம் நீங்களே திட்டுவீங்க."

"திட்டுவேன். புடி."

சேலையில கையைத் துடைச்சுட்டு வாங்கினா. நான் நோட்டைப் பார்த்து அளவைச் சொல்லச் சொல்ல அவ சாக்பீஸால கோடு போட்டா. முப்பது சைஸ் சட்டை, எட்டு மடிப்பு துணி ஒரே வெட்டு. வெட்டி முடிச்சப்புறம்தான் பார்த்தேன். தையலுக்குத் துணியே விடல. எட்டு சட்டையும் சின்னதாப் போச்சு.

திட்டு வாய் வரைக்கும் வந்துடுச்சு. இடது கை கத்திரியைப் பிடுங்க நீண்டுடுச்சு. அப்பத்தான் உறைச்சுது. ஓரம் எவ்வளவு விடணும்னு நான் சொல்லவேயில்ல. அது நோட்டுலயும் கிடையாது. இத்தனை வருஷமா என் கை தன்னால விட்டுக்கிட்டிருந்துச்சு. எழுதாததை அவ எங்கேருந்து படிப்பா? அது என் தப்பு, முழுக்க என் தப்பு.

அங்க நின்னா கத்திடுவேன்னு தெரியும். எதிர்ல டீக்கடைக்குப் போய் உக்காந்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு பொம்பளை டீக்கடை பெஞ்சுல உக்காந்தா ஊரே பார்க்கும். பார்த்தாங்க. நானும் அவங்களைப் பார்த்தேன். ரெண்டு டீ குடிச்சேன். உள்ளுக்குள்ள ஒரே வாக்கியம்தான் ஓடுச்சு: ஆண்டவரே, என் வாயைக் கட்டுங்க. கையைக் கட்டிட்டீங்க, வாயையும் கட்டுங்க.

ஒரு மணி நேரம் கழிச்சுப் போனேன். ஜெயந்தி அந்த எட்டையும் சுத்திச் செதுக்கி இருபத்தெட்டு சைஸாக்கி மெஷினுக்குக் குடுத்திருந்தா. இருபத்தெட்டு எப்படியும் அறுபது சட்டை வெட்டணுமேக்கா, அதுல எட்டு ஆச்சுன்னா. யாரும் சொல்லிக் குடுக்கல. அடுத்த எட்டுக்கு ஓரத்துக்கு எவ்வளவு விடணும்னு அவளாவே கேட்டுக்கிட்டா.

அன்னிக்குச் சாயங்காலமே அளவு நோட்டை உரக்க வாசிச்சேன். கிறுக்கலுக்கெல்லாம் அர்த்தம் சொல்லி, ஓரம் எவ்வளவு, மடிப்பு எவ்வளவுன்னு எல்லாத்தையும் எழுத வச்சு செவுத்துல ஒட்டுனோம். அட்டையில ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு அச்சு வெட்டுனோம். பட்டனுக்கு ஒருத்தி, இஸ்திரிக்கு ஒருத்தி, போனுக்கு ஒருத்தி. சாவி ரெண்டாச்சு. போன் எடுக்கிறவ ஒரு நாள் மேனேஜர்கிட்ட தப்பாப் பேசிட்டா, நான் மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல. சனிக்கிழமை நூத்திப் பதினாலு சட்டை போச்சு. பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கிறப்ப மிச்சமும் போய்ச் சேர்ந்துச்சு. தையல் இந்த வருஷம் நல்லாருக்கேன்னு மேனேஜர் சொன்னாரு. எனக்குக் கொஞ்சம் குத்துச்சு, பொய் சொல்லல.

கட்டுப் பிரிச்சாங்க. மணிக்கட்டு இன்னிக்கும் முழுசாத் திரும்பாது. குடத்தைத் தூக்கினா வலிக்கும். அப்புறம் என்னம்மா சாட்சி, சுகமே கிடைக்கலையேன்னு சபையில சிலபேரு கேக்குறாங்க. கேளுங்க. சுகம் கிடைச்சாத்தான் சாட்சியா? அந்தத் திங்கக்கிழமை கை சேர்ந்திருந்தா நான் செவ்வாக்கிழமையே கத்திரியை எடுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இன்னும் பத்து வருஷம் அப்படியே ஓடி, ஒரு நாள் அந்த டேபிள் மேலயே விழுந்திருப்பேன். ஒன்பது பொம்பளைங்களும் என் முகத்தைப் பார்த்து உக்காந்தே கெழவியாகியிருப்பாங்க. நான் மிரட்டுனதுக்கு அவரு பயப்படல. அதுக்குத்தான் என் ஸ்தோத்திரம்.

நீங்களும் தொழில் செய்யிறவங்களா இருக்கலாம். எல்லாம் நானே பார்த்தாத்தான் ஆகும்னு மூச்சு முட்ட ஓடிக்கிட்டிருக்கலாம். அவருகிட்ட கேளுங்க, சண்டை போட்டே கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாரு. எப்படிப் பதில் சொல்லணும்னு மட்டும் அவருக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. நான் சொல்லிக் குடுத்துப் பார்த்தேன், அவரு கேக்கல.

இதை எழுதுறப்ப செவ்வாக்கிழமை, பகல் மூணு மணி. வூட்டுல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கேன். கடை திறந்திருக்கு, ஒன்பது மெஷினும் ஓடுது. இந்த நேரம் வரைக்கும் எனக்கு ஒரு போன்கூட வரல.