ஜாதகத்தில் குறைத்த நாலு வயசு

என் அக்காவுக்கு இரண்டு வயசு இருந்தது. ஒன்று அவள் பிறந்த கணக்கில் வந்தது. இன்னொன்று அண்ணன் எழுதி வாங்கி வந்தது.

எங்கள் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்து, கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போய், அவளுக்கு இருபத்திரண்டாகிவிட்டது. வந்த மாப்பிள்ளைக்கோ இருபது. திருப்பூரில் சொந்தமாக பனியன் மிஷின் போட்டிருந்த குடும்பம். விட மனசில்லை. அப்பா தயங்கினார். அண்ணனுக்குத் தயக்கமெல்லாம் கிடையாது. குன்னத்தூர்ப் பக்கம் ஒரு ஜோசியரைப் பிடித்து, பதினெட்டு வயசுக்குப் புது ஜாதகமே எழுதி வாங்கி வந்துவிட்டார். எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். அக்கா இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மாமாவிடம் மூச்சு விடவில்லை. இருபத்தொன்பது வருசம் அப்படியே குடும்பம் நடத்தினாள்.

எழுபதுகளின் நடுவில் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆம்பளைகளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வருசம் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். மாமாவின் கம்பெனியில் பனியன் மடித்துக் கட்டும்போது வலது கையைத் தூக்க முடியாமல் போனபிறகுதான் வெளியே வந்தது. கோயமுத்தூரில் காட்டினோம். அக்குளுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்றார்கள். மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் சீமையிலிருந்து வந்த புது மாத்திரையைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள், அதற்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அக்கா, மாமா, அண்ணன், நான் என்று நாலு பேர் ரயிலேறினோம். கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் அக்காவின் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போய், கண்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். ஆயுசு எழுபத்திரண்டு என்றானாம் ஜோசியன். பொய் ஜாதகத்துக்கு ஆயுசு பார்த்து நிம்மதியடைகிற மனுஷனை என்ன சொல்வது! அந்த ஜாதகம் அவர் பையிலேயே மெட்ராஸ் வரை வந்தது.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. எதையும் மறைக்காமல் சொன்னார். நோய் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், சில பெண்களுக்குக் கட்டி சுருங்குகிறது, வலி குறைகிறது, கூடக் கொஞ்ச காலம் நன்றாக இருக்கிறார்கள் என்றார். அக்காவின் முகம் அப்போது மலர்ந்ததை நான் பார்த்தேன். அவள் கேட்டதே அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு நிபந்தனையாகக் கேட்டார். பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி அக்கா பதில் சொன்னாள்.

"தானா நடக்க முடியுதா?"

"ஸ்டேஷன்ல இருந்து பாதி தூரம் நடந்துதானுங்க வந்தேன்."

"இதுக்கு முன்னாடி வேற மருந்து, பச்சிலை எதாவது?"

"வேப்பெண்ணெய் தடவுனேனுங்க. அவ்வளவுதானுங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். கடைசியாக ஒன்று இருந்தது. மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு மட்டும்தான் அந்த மாத்திரை. அக்காவுக்கு ஆறு வருசத்துக்கு முன்னாலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதனால் அதை வைத்துச் சொல்ல முடியாது, வயசைத்தான் பார்க்க வேண்டும், ஐம்பது முடிந்திருக்க வேண்டும் என்றார். வயசுக்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டதுதான் தாமதம், அண்ணன் பையைத் திறந்து ஜாதகத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.

டாக்டரம்மா கணக்குப் போட்டார். "நாற்பத்தேழுதான் ஆகுது. சேர்க்க முடியாதேம்மா."

அக்கா மாமாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுல இருக்கறது பொய்யிங்கம்மா. எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சுங்க. கல்யாணத்துக்காக நாலு வயசு குறைச்சு எழுதுனாங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பாவம், இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்தேன். "அக்கா சொல்றது நிசமுங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். "நீங்க தங்கச்சி. அவங்க பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னை ஒதுக்கிவிட்டு, டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார். "நீங்க மூத்தவர். இவங்க சொல்றதுதான் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எடுத்துக்கறேன்."

அண்ணன் மாமாவை ஒரு பார்வை பார்த்தார். "உசுரு பயத்துல ஏதோ சொல்லுதுங்க. ஜாதகந்தானுங்க சரி."

"அண்ணா" என்றாள் அக்கா.

திரும்பும் ரயிலில் அண்ணன் ஆரஞ்சு வாங்கி உரித்துச் சுளை சுளையாக நீட்டினார். அக்கா வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என்னோட நாலு வருசத்தைத் திருப்பிக் கேட்டேன். குடுக்கமாட்டேன்னுட்டாரு பாரு" என்றாள். எனக்கு அந்த ஆரஞ்சைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. ஈரோடு வந்ததும் அண்ணனைப் பெட்டிக் கதவுப் பக்கம் நிறுத்திக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?"

"மாப்பிள்ளையோட அக்கா பையனுக்கு நம்ம புள்ளையப் பேசிக்கிட்டிருக்கறது உனக்குத் தெரியாதா கண்ணு? ஜாதகம் மாத்துற குடும்பம்னு தெரிஞ்சா அவுங்க வருவாங்களா? அந்த மாத்திரையில பொழைச்சுக்குவான்னு டாக்டரம்மாவே சொல்லலையே."

சொல்லவில்லைதான். அந்த வாய்ப்பு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு பண்ண இவர் யார்? தூக்கி வளர்த்த அண்ணன் என்று அக்கா ஆயிரம் தடவை பெருமை பேசியிருக்கிறாள். தன் மகளுக்காக அந்தத் தங்கச்சியைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டில் நான் கை நனைத்ததில்லை.

அக்கா அடுத்த ஆடியைத் தாண்டவில்லை. கடைசி மாதங்களில் முதுகு வலி தாங்காமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். மாமா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்தான் தலை வாரிவிட்டார், கஞ்சி ஊட்டினார். இருபத்தொன்பது வருசம் ஏமாற்றியதை மன்னித்துவிட்ட பெருந்தன்மை என்று நான் மெச்சிக்கொண்டேன். தையில் அண்ணன் மகள் கல்யாணம் பேசியபடியே ஜாம்ஜாமென்று நடந்தது. நான் போகவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் கம்பெனிக்குப் போனேன். அக்கா உட்கார்ந்து பனியன் மடிக்கிற பலகையில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். என் மனசில் கிடந்ததைச் சொன்னேன்.

"அக்கா வயசை மறைச்சதுக்கு நீங்க கோவிச்சுக்காம இருந்தீங்களே மாமா, அதுவே பெரிய மனசுங்க."

"கோவிச்சுக்க என்ன இருக்குது அம்மணி. அது எனக்குக் கல்யாணமான வருசமே தெரியும்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஊர்த் தேருக்குப் புதுசாக அச்சு போட்ட வருசம் தனக்கு ஆறு வயசு என்று அக்கா ஒருநாள் வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தேரை அவர் நாலு வயசில் அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்தவர். கணக்குத் தெரிந்துபோயிற்று. அவள் மனசு நோகக் கூடாதென்று அவரும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப அந்த ரூமுல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே மாமா. டாக்டரம்மா கேட்டிருப்பாங்களே!"

"எப்படி அம்மணி சொல்றது? மச்சான் அத்தனை பேரு முன்னால ஜாதகந்தான் சரின்னு சொல்லிப்போட்டாரு. நான் இல்லைன்னா அவருக்குத் தலைகுனிவாப் போயிருமில்ல."

அன்றைக்குத்தான் முதல்முறையாக மாமாவிடம் கத்தினேன். மிஷினெல்லாம் நின்று ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்காளும் அந்த ரூமுலதானுங்க மாமா உக்காந்திருந்தா!"