ரிக் வண்டியோடு வந்த காய்ச்சல்

அண்ணனின் இரும்புக் கட்டில் சுவரில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆடி மாதத்து மதியம். வெளியே காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அவர்மேல் போர்த்தி, அதற்கும் மேலே அண்ணி தன் உடம்பால் அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. கட்டில் தடதடவென்று சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு ஆள் தூக்கும் இரும்புக் குழாயை ஒற்றை ஆளாக நின்று தூக்கியவர் என் அண்ணன். அவர் பற்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நம்பிப் பிழைக்கிற ஊர். மழைக்காலம் ஓய்ந்ததும் வண்டிகள் வடக்கே கிளம்பும். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என்று காடும் மேடுமாகச் சுற்றி, அங்கே மழை பிடித்ததும் ஊர் திரும்பும். அண்ணன் ஒரு வண்டியில் டிரில்லர். துளையிடும் எந்திரத்தை ஓட்டுபவர். அப்பா அம்மா போன பிறகு என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தது அந்த வேலைதான். அங்கே இரவில் அவருக்குப் படுக்கை வண்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு தார்ப்பாயை விரித்து. அந்த வருடம் சத்தீஸ்கரிலிருந்து வந்த மறுவாரமே அவருக்குக் காய்ச்சல் கண்டது.

பக்கத்து டவுனில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து சோறு தின்றார். சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் கட்டில் ஆடியது. அலைச்சல் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஒரு காலையில் அண்ணன் அண்ணியைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். அண்ணி அழவில்லை. கார் பிடித்து நேராகச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் அண்ணனின் இமையை விலக்கிப் பார்த்தபடியே கேட்டார், "எங்க போயிட்டு வந்தாரு?"

"சத்தீஸ்கருங்க. காட்டுக்குள்ள போர் போடற வேலைங்க."

டாக்டர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. உடனே விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். மலேரியா, அதுவும் மூளைக்கு ஏறிய மலேரியா. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது என்றார். சில நாள் கழித்து அண்ணனுக்கு நினைவு வந்தது. முதலில் சொன்னது, "அந்தக் கம்ப்ரசர ஆப் பண்ணுங்கடா" என்பதுதான். வார்டில் எந்த எந்திரமும் ஓடவில்லை. ரிக் வண்டியின் கம்ப்ரசர் அவர் காதுக்குள் ஓடியிருக்கிறது. அண்ணி அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார்.

ஒரு மாதம் கழித்து நாங்கள் வீடு திரும்பியபோது எதிர்வீட்டுச் சிறுமி காய்ச்சலில் கிடந்தாள். ஊரைவிட்டு எங்கும் போகாத குழந்தை. அவளுக்கும் அதே நடுக்கம். அவள் அம்மா எங்கள் வாசலில் நின்று கத்தினார், "உன்ற ஊட்டுக்காரரு கொண்டாந்த சீக்கு என்ற புள்ளைய முழுங்கப் பாக்குது!"

அண்ணி செருப்பை மாட்டினார். "அப்பறமா என்னைய எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இப்பப் புள்ளையத் தூக்குங்க, போலாம்" என்றார். அந்தக் குழந்தை பிழைத்ததற்குக் காரணம், எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பரிசோதனை என்று அண்ணிக்கு அப்போது தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் தெரு வேறு முடிவுக்கு வந்திருந்தது. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து விளக்கிவிட்டுப் போயிருந்தார்கள். காய்ச்சல்காரரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கும்போது நோய் பரவும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். தெரு அதில் பாதியை மட்டும் காதில் வாங்கியது. பால்காரர் எங்கள் பாலைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனார். டாக்டர் கேட்ட அதே கேள்வியைத்தான் தெருவும் கேட்டது, எங்கே போய்விட்டு வந்தார் என்று. டாக்டர் கேட்டபோது அது அண்ணனின் உயிரைக் காப்பாற்றியது. தெரு கேட்டபோது அது எங்கள் கதவை அடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். வடக்கேயிருந்து வருகிற ரிக் ஆட்கள் இனி வண்டிப் பட்டறையிலேயே தங்கவேண்டும், வீட்டுக்கு வரக்கூடாது என்று பேச்சு. அண்ணி எழுந்தார். அதுவரை பத்துப் பேர் நடுவில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"காய்ச்சல் எங்க ஊட்டுக்காரரோடதான் வந்துச்சு. இல்லைன்னு சொல்லலீங்க. இந்தத் தெருவுல பாதி ஊடும் அதே வண்டியோடதான் வந்துச்சு. வண்டி கட்டின ஊட்டுல குடியிருப்பீங்க, வண்டி கொண்டாந்த காய்ச்சல மட்டும் என்ற வாசல்ல கொட்டுவீங்களா? அவரு பையில கொசுவப் போட்டுக் கொண்டாரலீங்க. கொசு இங்க பொறந்தது. வாங்க, காட்டறேன்."

கூட்டத்தை எங்கள் வீட்டு மாடிக்கே அழைத்துப்போனார். தண்ணீர்த் தொட்டியின் உடைந்த மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "இது எங்க தொட்டி. அடுத்தது யாரோடதுங்க?" என்றார். அன்று மாலைக்குள் தெருவின் தொட்டிகள் எல்லாம் திறக்கப்பட்டன. மூடி உடையாத தொட்டி குறைவு. பட்டறைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து வண்டி கிளம்பும் நாள் வந்தது. கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அண்ணனும் துணிப் பையோடு நின்றார். தேங்காய் உடைத்து முடிந்ததும் அண்ணி வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

வண்டி முதலாளி பதறினார். "அம்மிணி, நல்ல நேரம் போவுது. நவுரு."

"ஏனுங்க, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சிருக்கீங்க. ஆளுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

யாருக்கும் புரியவில்லை. அண்ணி விரல் நீட்டி ஒவ்வொருவராகக் காட்டினார். "இத்தன பேரும் காட்டுல படுக்கோணும். ஆளுக்கொரு கொசுவலை வேணுங்க. அங்க காய்ச்சல் வந்தா வேலைய நிறுத்திப்போட்டு ரத்தம் பாக்கோணும். வந்து எறங்கறப்பவும் பாக்கோணும். ஆமான்னு சொல்லுங்க, நான் நவுந்துக்கறேன்."

"மானத்த வாங்காத, ஊட்டுக்குப் போ" என்று அண்ணன் பல்லைக் கடித்தார். முதலாளிக்கு முகம் சிவந்தது. "உன்ற ஊட்டுக்காரரு எறங்கிக்கட்டும். எனக்கு வேற டிரில்லர் கெடைப்பான்" என்றார். அண்ணி அசையவில்லை. இன்னொரு டிரில்லர் வண்டிமேல் ஏற்கெனவே ஏறியிருந்தார். வயதானவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். மெல்ல இறங்கி வந்து ஓரமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "கொசுவல வரட்டுங்க, போலாம்" என்றார். அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள்.

நல்ல நேரம் போய்விட்டது. வண்டி அன்று கிளம்பவில்லை. மறுநாள் கொசுவலை மூட்டை வந்திறங்கிய பிறகுதான் கிளம்பியது. அண்ணனை ஏற்றிக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் அண்ணியோடு அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை. பிறகு வேறொரு வண்டியில் இடம் கிடைத்தது. கிளம்பும்போது தன் பணத்திலேயே வாங்கிய கொசுவலையைப் பையின் மேலாக வைத்துக் கட்டினார். அண்ணி பார்க்கட்டும் என்றுதான் அப்படிக் கட்டினார் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் அவருக்குத் தெரிந்த சமாதானம்.

இப்போது நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் விசைத்தறிப் பட்டறைகள் வந்துவிட்டன. அவற்றில் வேலை செய்வது பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்த பையன்கள்தான். போன மழைக்காலத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். சத்தீஸ்கர்க்காரன். அவனை ஊரைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்று தறிக்காரரிடம் இரண்டு பேர் சண்டைக்குப் போயிருந்தார்கள். அண்ணி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொபெட்டில் பையனைப் பின்னால் உட்காரவைத்து, துவண்டு விழாமலிருக்கத் தன் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிறவர் பையனையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்தார். "இவரு உங்களுக்கு என்ன ஆகோணும்?"

"எங்க ஊட்டுக்காரரு இத்தன வருசமா இவிய ஊருக்குத்தானுங்க பொழைக்கப் போறாரு" என்றார் அண்ணி. "இவன் நம்ம ஊருக்கு வந்திருக்கான். சொந்தம்னு எழுதுங்க."