சந்தனம் வைத்த காதுமெசினும் தேனிக்கு ஒரு பயணமும்

காதுகேட்கும் கருவியைப் பழுதுபார்க்க வெளியூர் போக வேண்டிய டீச்சர்கள் சிலர், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நான் அப்படிப் போனது ஒரே தடவை, எண்பதுகளின் நடுவில். ஆயுத பூசை முடிந்த சனிக்கிழமை, கம்பத்திலிருந்து தேனிக்கு, நாற்பது கிலோமீட்டர். போகும்போது குழப்பம், வரும்போது அதைவிடக் குழப்பம்.

அப்போது நான் கம்பத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். வகுப்பில் பாண்டியம்மாள் என்றொரு பெண். காதில் சீழ் வடிந்து வடிந்து கேட்கும் திறன் குறைந்துபோனவள். பேச்சு மட்டும் தப்பித்திருந்தது. ஒரு முகாமில் அவளுக்குக் காதுமெசின் கொடுத்தார்கள். சட்டையில் மாட்டுகிற சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், காதில் வைக்க ஒரு குமிழ். பெட்டியில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட சக்கரம். பத்து நிமிடம் எனக்கு விளக்கினார்கள். ஐந்து என்றால் சத்தம் அதிகம் என்பது மட்டும் மண்டையில் ஏறியது. ஐந்தில் வைத்தேன். போதாதென்று தொண்டை கிழியக் கத்தவும் செய்தேன். அவள் முகம் சுளித்தாள். அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்து ஆயுத பூசையில் மணி, தராசு, மண்வெட்டியோடு காதுமெசினையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். அதோடு சரி, மெசினுக்குப் பேச்சுமூச்சில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார்.

"மெசினு வச்சும் கேக்கலைன்னா, இங்கன உக்காந்து என்ன செய்யப் போகுது டீச்சர்? திங்கக்கிழமை ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டு ஜீப்பு போகுது. ஏத்தி விட்டுர்றேன்."

கெட்ட மனிதர் இல்லை. மறுநாளே தேனிக்குப் போய்ச் சரிசெய்து வருகிறேன் என்றேன். மெசினைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டேன்.

காலை 7.10 பஸ், டிக்கெட் நான்கு ரூபாய் இருபது காசு. உத்தமபாளையத்தில் பேட்டரியைத் திருப்பிப் போட்டேன். சின்னமனூரில் பஸ் நின்றபோது புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். ஊஹூம்.

"ட்ரான்சிஸ்டரா டீச்சர்? ஒரு பாட்டுப் போடுங்க," என்றார் கண்டக்டர். எனக்கு அழுகைதான் வந்தது.

8.50-க்குத் தேனி. அல்லிநகரத்து ரேடியோ ரிப்பேர்க் கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. மெக்கானிக் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குச் சந்தனம் யாரு வச்சாக?"

"நான்தான். பூசைக்கு."

"வைங்க, வேணாங்கல. சத்தம் உள்ள போற ஓட்டையிலயா வைப்பாக? நல்லா அப்பியிருக்கீக."

பெட்டியின் முகப்பில் இருந்த பொடி ஓட்டைகளை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பொட்டு வைக்க அதுதான் தோதான இடமாகத் தெரிந்தது. மானம் போயிற்று.

ஊசியாலும் பிரஷ்ஷாலும் நாற்பது நிமிடம் சுத்தம் செய்தார். "மொதல்ல நீங்க மாட்டிப் பாருங்க டீச்சர்," என்றார். மாட்டிக்கொண்டு பழக்கதோஷத்தில் ஐந்தில் வைத்தேன். அவர் தும்மினார். நாற்காலியோடு பின்னால் சாயப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில்தான் மூன்று வாரம் அந்தப் பிள்ளையிடம் கத்தியிருக்கிறேன்.

திரும்பும் பஸ் 12.15-க்கு. மெசினை இரண்டில் வைத்து மாட்டிக்கொண்டே வந்தேன். இன்ஜின், காற்று, ஜன்னல் கம்பி, என் சேலை உரசுவது எல்லாம் கேட்டது. பேச்சு மட்டும் பிடிபடவில்லை. வீரபாண்டி தாண்டியதும் கண்டக்டர் என் முன்னால் வந்து நின்றார். "பின்னால நின்னு எத்தன தடவ கேக்குறது? டிக்கெட்டு!" அவர் வாயைப் பார்த்த பிறகுதான் சொல் விளங்கியது. நானோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துகிறவள். இந்த மெசின் உதவியா உபத்திரவமா என்றே தெரியவில்லை.

1.55-க்குக் கம்பம். நேரே பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன். மெசினை அவளுக்கு மாட்டி, இரண்டில் வைத்து, மெதுவாக "கேக்குதா?" என்றேன். வெறுமனே பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டாள்.

வாசலில் நின்ற அப்பா தணிந்த குரலில் சொன்னார். "விடுங்க டீச்சர். ஜீப்புக்குச் சொல்லிட்டேன்."

"நான் ஜீப்புல போகல," என்றாள் பாண்டியம்மாள். திரும்பவே இல்லை.

அவர் சுற்றி வந்து அவள் முன்னால் குத்தவைத்தார். "என்ன சொன்ன ஆத்தா? இன்னொருக்கச் சொல்லு."

"போகலப்பா."

திங்கட்கிழமை ஜீப் அவள் இல்லாமல் போனது.

பஸ்ஸில் எனக்கே விளங்காதது அவளுக்கு எப்படி விளங்கியது? வீடு அமைதியாக இருந்தது, அவ்வளவுதான் என்று பிற்பாடு புரிந்தது. ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கூடுதல் பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள், கடை திறக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைக்கு மாட்டும் முன் ஒரு மணி நேரம் நீங்கள் மாட்டிப் பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, முகம் பார்த்து, சாதாரணமாகப் பேசுங்கள்.

அடுத்த வருடப் பூசைக்கும் மெசினை வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு நான் குனிந்ததும் பாண்டியம்மாள் ஓடி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைக் குப்புறத் திருப்பி வைத்து, "இப்ப வைங்க டீச்சர்," என்றாள்.