பாட்டுக்குள் மாமா

அந்த மலாய்ப் பாட்டில் பாடகி மூச்சு விடும் இடங்களில் எல்லாம் என் மாமா இருக்கிறார். அம்மாவின் தம்பி. வார இறுதி இரவுகளில் ஈப்போ நகரில் ஒரு ஹோட்டலில் சாக்சபோன் வாசிப்பார். மற்ற நாட்களில் கோப்பெங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து வீட்டில் சும்மா கிடப்பதாக அப்பா சொல்வார்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்து, அந்தப் பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்தார். உட்கார்ந்திருப்பவரையும் ஆடவைக்கும் ஃபங்க் தாளம். அங்கேயே தங்கி ஸ்டூடியோக்களில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்றார். அப்பாவோ தோட்டத்து ஆபீசில் அவருக்குக் கிராணி வேலை, கணக்கைப் பார்த்துப் பேரேட்டில் எழுதும் குமாஸ்தா வேலை, பேசி வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத மாமாவை வளர்த்தவர் அப்பா. அவர் சரியென்று சொல்லாமல் மாமா போகமாட்டார்.

"ரெக்கார்டு அட்டையில உம் பேரையே காணோமே?" என்றார் அப்பா.

"வாசிக்கிறவன் பேரு போடமாட்டாங்க மச்சான். பாட்டக் கேட்டா தெரியும்லா."

ஞாயிறு மதியம் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. அறிவிப்பாளர் பாடகியின் பெயரை மட்டும் சொன்னார். மாமா ஓடிப்போய்ச் சாக்சபோனை எடுத்து வந்து, ரேடியோ பக்கத்தில் நின்று கூடவே வாசித்தார். குழைவும் வெட்டும் எங்கேயும் பிசகவில்லை. எங்கள் வரிசை வீடுகளின் லயத்து ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

"ரெக்கார்டுல உள்ள மாதிரியே இருக்குலா," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "எத்தன தடவ கேட்டுப் பழகுனியோ தம்பி."

அப்பா சிரித்தார். "காப்பி அடிக்கிறதுல கெட்டிக்காரன். கிராணி வேலைக்கு அதான் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சாக்சபோனைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

இப்போது என் மகன் பால் டின்னைக் கவிழ்த்துத் தட்டும்போது பாராட்டலாமா, பேசாமல் இருக்கலாமா என்று குழம்பிப் போகிறேன். அன்று மாமாவை ஒருவரும் திட்டவில்லையே. பாராட்டத்தானே செய்தார்கள்.

அடுத்த வாரமே மாமா ஆபீசுக்குப் போகத் தொடங்கினார். எங்கள் மாமா எங்கேயும் போகவில்லை என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் அவரிடமும் சொன்னேன். என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். இவ்வளவு நல்ல செய்திக்கு அவர் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.