படகில் கைமாறிய குழந்தை

எழுதிய வசனம் இல்லாமல், மேடையிலேயே கதையை உருவாக்கும் நாடகக் குழுவில் நடிக்கிறேன். அடுத்து எந்த நடிப்புமுறையைப் படிப்பது? ஒன்று, பழைய துக்கங்களைக் கிளறி அழச் சொல்கிறது. மற்றது, எதிரில் இருப்பவரைப் பார்த்து அவருக்கேற்ப நடிக்கச் சொல்கிறது. அந்தக் குழப்பத்தோடு நெடுந்தீவுப் படகில் கண்சொருகி இருந்தேன். கடலும் வானமும் ஒரே பால்நிறம். இறங்குதுறையிலிருந்து அரிசிமூட்டையும் கோழிக்கூடையும் கைமாறிக் கைமாறி உள்ளே வந்துகொண்டிருந்தன.

"அக்கா, பிடியுங்கோ."

கையை நீட்டினேன். வந்தது ஒரு குழந்தை. அது கொட்டாவி விட்டது, நானும் விட்டேன். அது சிரித்தது, நானும் சிரித்தேன்.

"இஞ்சாலை தாங்கோ" என்று பின்னால் இருந்தவர் வாங்கி, ஏறிவந்த தாயிடம் கொடுத்தார்.

அழ எனக்குத் தெரியும்; அதற்கொரு வகுப்பு எதற்கு? இரண்டாவதையே படிப்பதென்று முடிவெடுத்தபோது, என் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.