மச்சானுக்கு மறந்துபோன முடிவு

ரேடியோவைக் கேட்டு மச்சான் கனைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவைக் கட்டி அவர் எங்கள் வீட்டோடு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு எதையும் மறுக்கக் கூடாது. மின்விசிறி, சாய்கதிரை, மீனின் நடுத்துண்டு எல்லாம் அவருக்கே. நான் பாதி வாசித்திருந்த நாவலையும் உம்மா பிடுங்கிக் கொடுத்தா. பூமியைப் பிடிக்க வந்த செவ்வாய்க்கிரகத்துக்காரன் ஒரு அதிகாரியின் கையெழுத்துக்காகக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வரிசையில் நிற்கும் கதை. அறைக்குள் கனைத்துக் கனைத்துச் சிரித்தவர் வெளியே வந்து, "புள்ள, கடைசில அவனுக்குக் கச்சேரியிலேயே வேல கிடைக்கும்" என்றார்.

இப்போது அவருக்குக் கண் தெரியாது. பார்க்கப் போன என்னிடம் அதே புத்தகத்தை நீட்டினார். "வாசி புள்ள, முடிவு மறந்து பெய்த்து."

வாசித்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் மூடினேன்.

"மிச்சம்?"

புத்தகத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு என் வீட்டுக்குப் போகும் கல்முனை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.